ஒரே ஒரு கறுத்த நகம்

அப்பாவின் சுண்டுவிரல் நகத்தில் பேனாவின் முதுகை வைத்து என் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் திரை விலகியது.

"ஏய், என்ன பண்றே நீ?"

வார்டின் மூத்த நர்ஸ். கையில் மருந்துத் தட்டு. அந்தச் சத்தத்தில் நான் பேனாவை எடுத்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே நொடியில் அப்பாவின் கை அசைந்தது. பதினோரு நாளாக விறகுக்கட்டை மாதிரி கிடந்த வலது கை. மணிக்கட்டு மெதுவாகத் திரும்பியது. கட்டைவிரல் விரிந்தது. என் விரல்களில் வந்து முட்டி, நின்று, பிறகு அவற்றைத் தள்ளியது. பேனா கட்டிலுக்கு அடியில் உருண்டது. தலைமாட்டில் இருந்த மெஷின் கத்த ஆரம்பித்தது.

நர்ஸ் அந்தக் கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நினைவில்லாமல் கிடக்கும் மனுஷனைக் குத்துகிறாள், பெற்ற பெண்ணா இது என்று எட்டு கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். திரையின் இடுக்கு வழியாகச் சித்தப்பா நுழைந்தார். என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

"கை அசைஞ்சுது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"வாய மூடிட்டு வெளிய வா" என்றார் சித்தப்பா.

வெளியே போனால் அவ்வளவுதான். நாளைக் காலை பத்து மணிக்கு அம்மா, சித்தப்பா, பெரிய டாக்டர் மூவரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காரப் போகிறார்கள். அப்பாவின் மூச்சுக் கருவியை எடுத்துவிடலாம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார்கள். நான் கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இதை இன்று ராத்திரி எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள், அல்லது தூங்குகிற மாதிரி கிடக்கிறார்கள். எப்படி அந்தக் கட்டிலுக்கு வந்தேன் என்பதை இன்று மதியத்திலிருந்து சொல்கிறேன்.

அப்பா எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்தார். இடது கை முறிந்து தோள்வரை மாவுக்கட்டு. கழுத்தில் பட்டை. நெற்றி முழுக்கக் கட்டு. தலைக்குள் ரத்தக் கசிவு. தூக்க மருந்தை நிறுத்தி ஆறு நாளாகியும் கண் திறக்கவில்லை. முந்தாநாள் பெரிய டாக்டர் அம்மாவிடம் வயது, கண்மணி, ஸ்கேன், அசைவு எல்லாம் போட்டுப் பார்த்ததாகவும், இந்த நிலைமையில் இருக்கிறவர்களில் நூற்றுக்கு நாலு பேர்தான் நினைவோடு எழுந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அந்த நாலு பேரில் இவர் இருக்கிறாரா என்று அம்மா கேட்டாள். அதை அந்தக் கணக்கு சொல்லாதும்மா என்றார் டாக்டர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதினோரு நாளில் அவர் எங்களைப் பார்த்து ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசியதில்லை.

இதற்கிடையில் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். சித்தப்பாதான் அப்பாவைத் தள்ளிவிட்டார் என்று அவளுக்குச் சந்தேகம். அன்று காலைதான் அண்ணன் தம்பி இரண்டு பேரும் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒரு துப்பறிவாளரைக் கூட்டிவந்தாள். ஐம்பது வயதுப் பெண்மணி. தொழிற்சாலை விபத்துகளை இருபது வருஷம் விசாரித்தவர். அவரை எல்லாரும் துருவி என்றுதான் சொல்வார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். கூடவே ஓர் உதவியாளர், முன்னாள் ஆம்புலன்ஸ் டிரைவர். தலையில் ஒரு முடி கிடையாது. முதல் நாளே தன்னைச் சொட்டை என்று கூப்பிடச் சொல்லிவிட்டார், நாங்களாக வைப்பதற்கு முன்னால். என்னைப் பாப்பா என்பார். எனக்குப் பதினாறு வயது. அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

சித்தப்பாவுக்கு அவர்கள் இரண்டு பேரையும் கண்டாலே ஆகாது. சாவு வீட்டுக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கும் காக்கைகள் என்றார், அவர்கள் காதில் விழும்படி. காக்கைக்காவது சோறு போடுவாங்க சார், இங்க தண்ணிகூடக் கிடைக்கல என்றார் சொட்டை.

இன்று மதியம் அம்மா எழுதிக் கொடுத்துக் கேட்டதில் அப்பாவின் நிலையை மணிக்கொரு தடவை குறித்த தாள்களைப் பார்க்க அனுமதித்தார்கள். ஒரு நர்ஸ் எதிரிலேயே காவல் மாதிரி நின்றார். சொட்டை எனக்கு விளக்கினார்.

"கண்ணுக்கு ஒரு மார்க்கு, பேச்சுக்கு ஒரு மார்க்கு, அசைவுக்கு ஒரு மார்க்கு. மொத்தம் பதினஞ்சு. மூணுக்குக் கீழ போகவே போகாது பாப்பா, செத்தவனுக்கும் மூணு உண்டு. எங்க பள்ளிக்கூடத்துல எனக்கு அதுகூடப் போட்டதில்ல."

துருவி சிரிக்கவில்லை. அசைவு என்ற கட்டத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனார். ஒன்று, ஒன்று, ஒன்று. வலி கொடுத்தால் அசையவே இல்லை என்பதற்கு ஒன்று. இழுத்துக்கொண்டால் நாலு. வலி கொடுக்கிற கையைத் தேடித் தள்ளினால் ஐந்து. மணிக்கு ஒரு தடவை, பதினோரு நாள். ஏழாம் நாள் விடியற்காலைக் கட்டத்தில் அவர் விரல் நின்றது. அங்கே ஒரு நாலு இருந்தது. அதன்மேல் ஒரே கோடு. பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஒன்று.

"இருநூத்தி அறுபது ஒண்ணு இருக்கு, எனக்கு அதப் பத்திக் கவலையில்ல. இந்த நாலு எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

எதிரில் நின்ற நர்ஸ் தாள்களைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். புதுசா வந்த பொண்ணு, தெரியாம போட்டது, அடிச்சாச்சு என்றார்.

அந்தப் புதுப் பெண்ணைக் கேன்டீனில் பிடித்தோம். வேலைக்கு வந்து ஒன்றரை மாதம். எங்களைப் பார்த்ததும் சாப்பாட்டை மூடிவிட்டாள். அந்த நாலுக்காக வார்டு முழுக்கச் சிரித்தார்கள் என்றும், இன்னும் ஒரு வார்த்தை பேசினால் தன் வேலை போய்விடும் என்றும் சொன்னாள். துருவி கெஞ்சவில்லை. நீ பொய்யா போட்டியா, பாத்துப் போட்டியா, அத மட்டும் சொல்லு என்றார்.

அந்தக் கேள்வி அவளைச் சுட்டிருக்க வேண்டும். படபடவென்று கொட்டினாள். நெற்றியில் கட்டு, கழுத்தில் பட்டை, இடது கையில் மாவுக்கட்டு, அங்கெல்லாம் அழுத்தி வலி கொடுத்துப் பார்க்க முடியாது. கால் தானாகவே துள்ளும், அதை நம்பிக் கணக்கெடுக்க மாட்டார்கள். மிச்சம் வலது கை ஒன்றுதான். முதல் நாள் யாரோ நடுவிரல் நகத்தில் பேனாவை அழுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லாரும் அதே விரல். நேற்றையும் இன்றையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடத்தில் அழுத்த வேண்டும் என்பது அந்த வார்டின் வழக்கம். அன்றைக்கு ஆள்காட்டி விரல் சில்லிட்டுப் போய், அதில் மாட்டியிருந்த பிராணவாயு அளக்கும் கிளிப் எண் காட்டவில்லை. கிளிப்பை நடுவிரலுக்கு மாற்றினாள்.

"நடுவிரல்ல கிளிப் இருந்துச்சு. என் பக்கமா இருந்த சுண்டுவிரல அழுத்தினேன். வெடுக்குனு இழுத்தாரு. சிஸ்டர ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்தேன். அவங்க கிளிப்பக் கழட்டிட்டு வழக்கமான விரல்ல அழுத்தினாங்க. ஒண்ணுமில்ல. தூக்கத்துல கனவு கண்டியான்னு கேட்டாங்க."

மூடின டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "ஊரே சேந்து ஒரு கதவத் தட்டுது மேடம், திறக்கல. இந்தப் பொண்ணு பக்கத்துக் கதவத் தட்டியிருக்கு" என்றார் சொட்டை.

"தட்டினது தப்புனு கோடு போட்டுட்டாங்க" என்றார் துருவி. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குப் பார்வை நேரம். ஒரு சீட்டுக்கு இரண்டு பேர். அம்மா தன் முறையைத் துருவிக்குக் கொடுத்தாள், நான் கூடப் போனேன். பச்சை அங்கி, காலுக்கு உறை. துருவி அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வலது கையைத்தான் பார்த்தார். தொடவில்லை, குனிந்து பார்த்தார். நான் தினமும் பார்த்த கை. ஆனால் இன்றைக்குத்தான் என் கண்ணிலும் பட்டது. நடுவிரல் நகம் மட்டும் கன்றிக் கறுத்திருந்தது. கதவிடுக்கில் நசுங்கின நகம் மாதிரி. மற்ற நாலும் வெளிறிச் சுத்தமாக இருந்தன.

"இருநூத்தி அறுபது தடவ ஒரே நகம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

வெளியே வந்து நேராக அம்மாவிடம் போய், விழுந்த அன்றைக்கு அப்பா போட்டிருந்த துணி எங்கே என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை அம்மாவின் கூடையிலேயே இருந்தது. அதைப் பிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. துருவி காத்திருப்போர் கூடத்து பெஞ்சில் சட்டையை விரித்தார். வெளியே வரிசையாகப் பட்டன்கள். அதே பக்கத்தில் காஜாவும் தைத்திருந்தது, ஆனால் ஒரு காஜாகூடத் திறக்கவில்லை. பட்டன்கள் காஜா மேலேயே தைத்திருந்தன. உள்ளே டிச் பட்டன்கள், அழுத்தினால் ஒட்டுவது, இழுத்தால் பிரிவது.

"கல்யாண மாப்பிள்ளைக்கு வெக்கிற பொய்ப்பல்லு மாதிரி இருக்கே, எல்லாம் காட்சிக்குத்தானா?" என்றார் சொட்டை.

அவருக்கு அவசரத்துக்கு வசதி என்று அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். துருவி சட்டையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பட்டன் போட முடியாத விரலு. உங்க வீட்டுக்காரருக்கு வலது கை விரல்ல உணர்ச்சி இருக்கா?"

"இருக்கு, ஒண்ணுமில்ல, நல்லா இருக்காரு" என்றார் சித்தப்பா.

அவரை யாரும் கேட்கவில்லை. துருவி கேள்வியை முடிக்கக்கூட இல்லை. சொட்டை உதட்டைப் பிதுக்கினார். "கேள்வி வாசல்ல செருப்பக் கழட்டறதுக்குள்ள பதில் வந்துடுச்சு மேடம். பல வருஷத்து மனப்பாடம்."

உண்மைதான். ஆறு வருஷத்து மனப்பாடம். அப்பா சரக்கு ஏற்றி இறக்கும் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரும்புக் கயிறு ஒன்று தெறித்து அவர் உள்ளங்கையைக் கிழித்தது. தையல் ஆறிவிட்டது. நடு மூன்று விரலுக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. சூடு தெரியாது, ஊசி குத்தினால் தெரியாது. அது வெளியே தெரிந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். வருஷா வருஷம் யார்டில் ஒரு படிவம் வரும். கை காலில் மரத்துப்போதல் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. யார்டில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் எங்கள் சித்தப்பா. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர். டிச் பட்டன் தைப்பது அம்மா. வெளியே யார் கேட்டாலும் வாயைத் திறக்காமல் இருப்பது நான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொரு வேலை.

அப்பாவைத் தூக்கி வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் ஒரு படிவம் நீட்டினார்கள். பழைய அடி, மரத்துப்போதல் ஏதாவது உண்டா என்று அதிலும் ஒரு கேள்வி. சித்தப்பா பேனாவை எடுத்து இல்லை என்று எழுதினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சதி ஒன்றும் கிடையாது. சித்தப்பா யோசித்திருக்கவே மாட்டார். ஆறு வருஷம் ஒரே கேள்விக்கு ஒரே பதில் எழுதின கை தானாக எழுதிவிட்டது. உள்ளே எந்த விரலை அழுத்துகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மூன்று விரல் செத்தது என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லவில்லை.

துருவி என்னைத் தனியாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனார்.

"உங்கம்மா சொல்ல மாட்டாங்க. உங்க சித்தப்பா செத்தாலும் சொல்ல மாட்டாரு. நீ சொல்லு, அந்த விரலுக்கு உயிர் இருக்கா?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

பயத்தில் சொன்ன பொய். அந்தப் பயம் யார்டைப் பற்றியது இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது சொன்னால் மேலே எழுத மாட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "இனிமே என்னை உள்ள விட மாட்டாங்க. அந்தக் கையத் தொட எனக்கு உரிமையும் இல்ல. பெத்த பொண்ணுக்கு உண்டு" என்றார். கையில் இருந்த பேனாவைக் குழாய் மேடையில் வைத்தார். அதை மறந்தவர் மாதிரி திரும்பி நடந்தார். துருவி எதையும் மறக்கிற ஆள் இல்லை.

பார்வை நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அப்புறம் நடந்ததுதான் முதலில் எழுதினது. சித்தப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார், நான் கட்டில் கம்பியை விடவில்லை. மெஷின் கத்தினதில் பெரிய டாக்டரே வந்துவிட்டார். பின்னாலேயே அம்மா. வாசலில் காவலாளி தடுக்கத் தடுக்கத் துருவியும் சொட்டையும்.

இந்தப் பெண்ணை உள்ளே விட்டது யார் என்று டாக்டர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மூத்த நர்ஸ் நான் குத்தினதைச் சொன்னார். காவலாளியைக் கூப்பிட்டு எல்லாரையும் வெளியேற்றச் சொன்னார் டாக்டர்.

துருவி நின்ற இடத்திலிருந்தே பேசினார். "அந்தச் சுண்டுவிரல நீங்களே ஒரு தடவ அழுத்திப் பாருங்க. பத்து செகண்டு ஆகும். நாளைக்குக் கூட்டம் அதவிட ஜாஸ்தி நேரம்."

"எனக்கு நீங்க பாடம் எடுக்கறீங்களா? இத்தன பேர் இத்தன நாள் பாத்திருக்காங்க. ஏன் சுண்டுவிரல்?"

நல்ல கேள்வி. துருவி திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சித்தப்பா இருமிவிட்டு, அவருக்குக் கையில் ஒரு குறையும் இல்லை சார், இவங்க காசுக்காகக் கதை கட்டறாங்க என்றார்.

"பொய்" என்றேன். "நடு மூணு விரல்லயும் உணர்ச்சி கிடையாது. ஆறு வருஷமா. சித்தப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்."

சித்தப்பாவின் கை என் தோளிலிருந்து விழுந்தது. "உங்கப்பன் வேல போச்சு. என் வேலயும் போச்சு. நாளைக்குப் போலீஸ் வரும். திருப்தியா உனக்கு?"

"முதல்ல ஆள் இருக்கட்டும் சார்" என்றார் சொட்டை. "அப்புறம் வேலயிலிருந்து தூக்கலாம். இல்லாத ஆளத் தூக்க முடியாது."

டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பினார். மூன்று விரலுக்குக் கீழே குறுக்காக ஓடுகிற மெல்லிய வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். நடுவிரலை அழுத்தினார். ஒன்றுமில்லை. கறுத்த அந்த நகத்தை ஒரு நொடி தன் கட்டைவிரலால் தடவினார். பிறகு சுண்டுவிரலை அழுத்தினார்.

அப்பாவின் கை வெடுக்கென்று பின்னால் போனது.

மூத்த நர்ஸ் மருந்துத் தட்டைக் கீழே வைத்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் இன்னும் இரண்டு தடவை செய்தார். கட்டைவிரலில் ஒன்று, மறுபடி சுண்டுவிரலில் ஒன்று. இரண்டு தடவையும் கை பின்னால் போனது. தாளை எடுத்து நாலு என்று எழுதப் போனவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். பதினோரு நாளில் முதல் தடவையாக.

"நான் அழுத்தினா இழுத்துக்கறாரு. நீ அழுத்தினப்ப என்ன பண்ணாரு? இழுத்துக்கிட்டாரா, தள்ளினாரா? யோசிச்சு சொல்லு."

"தள்ளினாரு."

"நிச்சயமா?"

"என் கையத் தேடி வந்து தள்ளினாரு."

அவர் தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். நாளைக் கூட்டம் கிடையாது என்றார். இரண்டு வாரம் பார்க்கலாம். அம்மா எழுந்து நின்று, இப்போது நூற்றுக்கு எத்தனை என்று கேட்டாள். முப்பத்தைந்து, நாற்பது இருக்கலாம் என்றார். பிறகு பெஞ்சை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அந்த நம்பர் இவரப் பத்தினது இல்லம்மா. இவர மாதிரி நூறு பேரப் பத்தினது. இத்தன நாளா நான் இவரத் தப்பான கூட்டத்துல நிறுத்தி வெச்சிருந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லல. நாங்க ஒரு விரல மாத்தல."

எழுந்தால் பேசுவாரா, விழுந்ததெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று அம்மா கேட்டாள். கேட்கும்போது சித்தப்பாவையே முறைத்தாள். அது யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் இன்று தூங்கியிருப்பேன்.

லிப்ட் பழுது. படியில் இறங்கிக்கொண்டிருந்தோம், அம்மா முன்னால், நான் பின்னால். துருவி என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். அவர் கையில் இன்னும் அந்தச் சட்டை இருந்தது.

"உங்கம்மா என்னக் கூப்பிட்டது உங்க சித்தப்பாவப் பிடிக்க. அன்னைக்கு அந்த நேரத்துல அவரு யார்டுல இருந்தாரு, மூணு பேர் பாத்திருக்காங்க. அவரு பண்ண தப்பெல்லாம் பேனாவுலதான்" என்றார். பிறகு சட்டையைப் படிக் கைப்பிடி மேல் விரித்தார். சொட்டை ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தார்.

"ஆம்புலன்ஸ்ல நாங்க சட்டைய ரெண்டு கையோரமும் வெட்டுவோம், நேர் கோடு" என்றார். "முன்பக்கத்த நாங்க தொட மாட்டோம். இங்க பாரு, மேல டிச் பட்டன் ஒண்ணு துணியோட பிஞ்சு போயிருக்கு. மத்ததெல்லாம் சேதாரம் இல்லாம பிரிஞ்சிருக்கு. யாரோ கொத்தாப் பிடிச்சிருக்காங்க."

"மேல் படியில நின்ன கை" என்றார் துருவி. "வீட்டுல அப்ப நீ மட்டும்தான் இருந்தே. குளிச்சிட்டிருந்தேன்னு சொன்னே."

நான் கீழே இறங்கிப்போகிற அம்மாவின் தலையைப் பார்த்தேன்.

"அது பிடிக்கப் போன கையா, தள்ளின கையா, சட்டைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றார். "உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணும். அதுக்கு ரெண்டு வாரம் இருக்கு. நீ சொல்லலாம். இல்ல, அவரு எழுந்து சொல்லலாம். எழுந்தா சொல்லிடுவாருனு தெரிஞ்சேதான் நீ அந்த விரல அழுத்தினே, அதையும் நான் பாத்தேன்."

சொட்டை ஏதாவது ஜோக் அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்த பேனாவைத் துடைத்துத் தன் பையில் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

நடந்தது இதுதான். அப்பா விழுந்ததற்கு முந்தைய வாரம் யார்டில் அப்பா தூக்கின பாரம் நழுவி ஒருவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. லீவரைப் பிடித்திருந்த விரல் நழுவினது அப்பாவுக்குத் தெரியவில்லை. போனில் சித்தப்பா கத்தினது அதைப் பற்றித்தான், நான் ஒட்டுக்கேட்டேன். படியில் அப்பாவை நிறுத்தி, நாளைக்கு நானே யார்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன், உங்கள் கையால் யாரோ சாகப் போகிறார்கள் என்றேன். அவர் என் வாயைப் பொத்தக் கையை நீட்டினார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அந்தக் கையைத் தள்ளினேன். அவர் பின்னால் சாய்ந்தார். உடனே சட்டையைப் பிடித்தேன், சத்தியமாகப் பிடித்தேன். சாதாரணப் பட்டனாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். டிச், டிச், டிச் என்று ஒவ்வொன்றாகப் பிரிந்தது. மேல் பட்டன் மட்டும் துணியோடு என் கையில் வந்தது. அது இப்போது என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

அவர் எழுந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த விரலை அழுத்தினேன். அவர் எழுந்தால் முதல் வார்த்தை என்னைப் பற்றியதாக இருக்கலாம். இரண்டும் உண்மை.

டாக்டர் உணர்ச்சியுள்ள விரலில் மூன்று தடவை அழுத்தினார், மூன்று தடவையும் அப்பா கையை இழுத்துக்கொண்டார். நான் அழுத்தினபோது மட்டும் தேடி வந்து தள்ளினார். வலி எல்லாம் ஒன்றுதானே, அழுத்தினது எல்லாம் பேனாதானே. கண் மூடியிருக்கிற மனுஷனுக்கு எந்தக் கை யாருடையது என்று எப்படித் தெரியும்?

அப்பா தள்ளினது பேனாவையா, என்னையா?